விதைக்கு ஒரு குதிர்

நாமக்கல்லில் லாரி ஆபீஸ் நடத்துகிறவராகட்டும், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவராகட்டும், கம்ப்யூட்டரின் தயவில்லாமல் இக்காலத்தில் காலம் தள்ளுவது கஷ்டம். வரவு செலவுக் கணக்கு அதிலே. கொலுசு மாதிரிகள் அதிலே. பெண்ணின் கல்யாணப் புகைப்படங்களும் அதிலேதான். "அந்த யந்திரம் ஒரு நாள் கண்ணை மூடிவிட்டால் என்ன கதி?" என்ற கவலை பிறந்ததும், வீட்டு எஜமானர் கடைக்குப் போய், வெளியிலிருந்து இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி வருகிறார். காப்புப் பிரதி எடுத்து வைப்பதற்கென்றே வாங்குகிறார். சங்கல்பம் நல்ல சங்கல்பம்தான்.

ஆனால் வாங்கி வந்த பெட்டியில் இடமோ ஏராளம். 1956-இல் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், இரண்டு பீரோக்களின் பருமன் இருந்தது. அதன் 50 தட்டுக்களிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துக்களே அடங்கின. இன்று சட்டைப்பையில் அடங்கும் இரண்டு டெராபைட் பெட்டி, அதைப்போல் சுமார் 4 லட்சம் மடங்கு கொள்ளும். இவ்வளவு இடம் சும்மா கிடப்பதைக் காண வீட்டாருக்கு மனம் பொறுக்குமா? பிள்ளை சினிமாக்களைக் கொண்டுவந்து நிரப்புகிறான். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று பழைய புகைப்படங்களையும் பெட்டிக்கு மாற்றி, கம்ப்யூட்டரிலிருந்து அழித்து விடுகிறார்கள்.

விபரீதம் இங்கேதான் ஆரம்பமாகிறது. காப்புப் பிரதி என்றால் இரண்டாவது பிரதி என்று அர்த்தம். மூலம் ஓரிடத்திலும் நகல் வேறிடத்திலும் இருந்தால்தான் அது காப்பு. கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்ட புகைப்படத்துக்கு அந்தப் பெட்டியே ஒரே வீடு. பெட்டி மேஜையிலிருந்து கீழே விழுந்தால், கணக்குக்குக் கம்ப்யூட்டரில் மூலம் இருக்கிறது. கல்யாணப் படங்களுக்கோ எதுவும் இல்லை.

காப்பெடுக்கும் ஏற்பாடுகளின் சுபாவத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் 2007 முதல் இருந்துவரும் 'டைம் மெஷின்', மணிக்கொரு முறை நகல் எடுக்கும். இடம் நிரம்பியதும் மிகப் பழைய நகல்களைக் கழிக்கும். ஆகவே, நாம் பெட்டியில் அடைக்கும் ஒவ்வொரு சினிமாவும், கடந்த மாதங்களின் நகல்களில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. முன்பே கோப்புக்கள் உள்ள பெட்டியை அதனிடம் கொடுத்தால், "இதை அழித்துப் புதிதாக அமைக்கட்டுமா?" என்று கேட்கக் கூடும். வாசிக்காமல் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டால் அதோகதிதான். விண்டோஸில் 2012-இல் வந்த 'ஃபைல் ஹிஸ்டரி' கொஞ்சம் சாது. தன் நகல்களைத் தனி அறையில் வைத்துக்கொண்டு, மற்றக் கோப்புக்களையும் பக்கத்தில் குடியிருக்க விடும்.

இரண்டு உபயோகத்துக்கும் ஒரே பெட்டிதான் கட்டுப்படியாகும் என்றால், புதிதாக வாங்கிய அன்றே, எதையும் ஏற்றுவதற்கு முன்பாக, அதை இரு பாகங்களாகப் பிரித்துவிடுவது உத்தமம். கம்ப்யூட்டரின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்காவது காப்புக்கு ஒதுக்கி, மிச்சத்தை மற்றக் கோப்புக்களுக்கு விடலாம். ஆயினும் வரப்பு இடத்தகராற்றைத்தான் தீர்க்கும். திருடன் ஒரு பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக மாட்டான். 2017 மே மாதத்தில் உலகத்தைக் கலக்கிய 'வான்னாக்ரை' போன்ற கிருமி புகுந்தால், இணைத்தபடியே இருக்கும் பெட்டியின் இரு பாகங்களையும் பூட்டிவிடும்.

பிரதியின் அருமையை நம் சேலத்தாருக்குப் பிறர் சொல்லவேண்டுவதில்லை. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார்தான், உ. வே. சாமிநாதையரின் கவனத்தைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பினார். ஐயரவர்கள் ஊர் ஊராக ஏடு தேடி, பலவற்றை ஒப்பிட்டு, 1887-இல் அந்நூலை அச்சேற்றினார். ஓர் ஏட்டில் சிதைந்த இடத்தை மற்றோர் ஏடு கொடுத்தது. பிரதிகள் பல வீடுகளில் இருந்ததனால் அல்லவா அது சாத்தியமாயிற்று? 1981-இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் பிரதியுள்ள புஸ்தகத்தை மறுபடி வாங்கிவிடலாம். அங்கே மட்டுமே இருந்த சுவடி போனது போனதுதான்.

ஆகவே, கோப்பு ஒவ்வொன்றையும் பற்றி ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்தப் பெட்டி இன்றே தொலைந்தால் இது வேறெங்கே இருக்கிறது?" பதில் இருந்தால், பெட்டியில் அது சினிமாவோடு சேர்ந்திருந்தாலும் பாதகமில்லை. பதில் இல்லாவிட்டால், இன்னொரு சிறு பெட்டி வாங்கி, அதில் ஒரு பிரதி எடுத்து, ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ உள்ள உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். நம் மேட்டுநிலக் குடியானவர் எவ்வளவு பஞ்சத்திலும் விதைச் சோளத்தையும் சோற்றுச் சோளத்தையும் ஒரே குதிரில் கொட்டுவதில்லை. கொட்டினால், ஆடி பிறக்கும்போது விதைக்க ஒன்றும் மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும்.