அழுத கண்ணும் நம்பிய உள்ளமும்



2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நம் மலையகத்தை என்ன பாடுபடுத்தியது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்த நாட்களில் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்கப் போயிருந்தேன். வீடும் பிள்ளைகளின் புத்தகங்களும் மண்ணுக்குள் போன துயரத்தில் ஒரு சகோதரி அழுதுகொண்டிருந்தார். சுற்றியிருந்த பெண்கள், "அழாதீங்க ராத்தா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்கள். நானும் என் பங்குக்கு, "ஈமான் உள்ளவங்க இப்படி அழலாமா? சிரித்த முகமா இருங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "வீடு போச்சு ஹஸரத். அழுகையையும் எடுத்துடாதீங்க" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வீடு திரும்பும் வழியெல்லாம், வருடந்தோறும் நான் மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் யூஸுஃப் சூராதான் நினைவில் நின்றது.

யஃகூப் (அலை) அவர்கள் மகனை இழந்து அழுதார்கள். அழுதழுது அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. "இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று வீட்டாரே கடிந்துகொண்டனர். தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அந்த நபி பதில் சொன்னார்கள். அதே வாயால், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள், போய்த் தேடுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பியும் வைத்தார்கள். அழகிய பொறுமையைப் பற்றிப் பேசியவர்களும் அவர்களேதான்.

கவனித்தீர்களா சகோதரிகளே? கண் அழுதது, உள்ளம் நம்பியது, கால்கள் தேடப் புறப்பட்டன. நம் நபி (ஸல்) அவர்களும் குழந்தை இப்றாஹீம் மறைந்தபோது கண்ணீர் விட்டார்கள். அது இரக்கத்தின் அடையாளம் என்று தோழர்களுக்கு விளக்கினார்கள். அப்படியிருக்க, அழுபவரிடம் சிரிக்கச் சொல்ல நாம் யார்?

உண்மையான நம்பிக்கை கஷ்டத்தைக் கஷ்டம் என்றே ஒப்புக்கொள்ளும். அதன் பிறகு, அல்லாஹ் வழி வைத்திருப்பான் என்று எழுந்து நடக்கும். வலிந்து காட்டும் உற்சாகமோ கஷ்டமே இல்லை என்று சாதிக்கும். அது பார்க்க வேண்டியதையும் பார்க்க விடாது. அதன் விலை சில வேளை உயிராகவும் இருக்கும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் அந்த மக்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளி எங்கே போவார்? உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கியிருந்தார்கள். புதிய வீடுகள் கிடைத்தது 2016இல்தான். அப்படிப்பட்டவர்களிடம் "ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்று சொல்வது ஆறுதலல்ல. காணி தர வேண்டியவர்கள் கடமையைத் தட்டிக் கழிக்கவே அந்தச் சொல் உதவும்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று மழை கொட்டும் இரவில் மலையடியில் படுத்துக்கொள்வதும் தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள். 100 ஆனால் புறப்படத் தயாராகுங்கள். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறுங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று இவற்றில் எதைக் கண்டாலும் அளவு பார்த்து நிற்காதீர்கள். பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

துயரப்பட்டவரின் வீட்டுக்குப் போனால், முதலில் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்க அழுறது நியாயம்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு அடுப்புக்கு அரிசி உண்டா, பிள்ளைக்குக் கொப்பி உண்டா என்று கேளுங்கள். "எல்லாம் சரியாகும்" என்ற சொல் அந்த அரிசியோடும் கொப்பியோடும் போகும்போதுதான் அவர் மனதில் தைக்கும்.

மறு வாரம் அந்தச் சகோதரியைப் பார்க்க மீண்டும் போனேன். இம்முறை உபதேசம் எதுவும் செய்யவில்லை; கொப்பிகள் கொண்டுபோயிருந்தேன். அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, "ஸ்கூல் எப்ப தொறப்பாங்க ஹஸரத்?" என்று கேட்டார். கண் அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த நம்பிக்கை என் உபதேசத்தில் இருக்கவில்லை.

வல்ல அல்லாஹ் நம் கண்ணீரை ஏற்று, நம் உள்ளங்களில் உண்மையான நம்பிக்கையைத் தந்தருள்வானாக! ஆமீன்.