கேள்விக்கு ஐந்து நிமிடம்

பிப்ரவரி கடைசி வாரம் வந்தால் என்னைப் போன்ற ஆட்களுக்குத் திடீர்க் கிராக்கி. 28ஆம் தேதி தேசிய அறிவியல் தினம். அன்று ஒரு கருத்தரங்காவது நடத்தாவிட்டால் பொறியியல் கல்லூரிகளுக்கு மரியாதை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் புனே புறநகரில் ஒரு கல்லூரி என்னை அழைத்திருந்தது. தலைப்பு, 'அறிவியல் மனப்பான்மை'. தொடக்கம் காலை 11.10. அது என்ன 11.10 என்று கேட்டேன். "முகூர்த்தம் அப்போதுதான் சார்" என்றார் அழைத்த பேராசிரியர், துளியும் கூச்சமில்லாமல்.

விளக்கு, சரஸ்வதி படத்துக்கு மாலை, சால்வை, தேங்காய். அரங்கம் நிறைந்திருந்தது. வராவிட்டால் வருகைப்பதிவில் கை வைப்பார்கள் என்று பிறகு தெரிந்தது.

என் முறை வந்தபோது ராமனைப் பற்றித்தான் பேசினேன். 1928 பிப்ரவரி 28ஐ எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது 1921. அந்த ஆண்டு கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்க்கிறார். அது வானத்தின் பிரதிபலிப்பு என்று சொல்லி வைத்திருந்தவர் ராலே. நோபல் பரிசு பெற்ற மேதை. ராமன் ஒப்புக்கொள்ளவில்லை. கையிலிருந்த நிகல் பட்டகத்தால் பிரதிபலிப்பு ஒளியை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, முன்னைவிடத் தெளிவாகவே தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற அந்தப் பிடி, ஏழு வருடம் கழித்துக் கல்கத்தாவின் பௌபஜார் தெரு ஆய்வகத்தில் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து செய்த கண்டுபிடிப்பு வரை கொண்டுபோனது.

கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், கிரகணத்தன்று எங்கள் ஹாஸ்டலில் மெஸ்ஸை மூடிவிடுகிறார்கள். ஏன்?" அரங்கில் சிரிப்பு. மேடையிலிருந்தவர்கள் சிரிக்கவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி நன்றியுரைக்குப் போய்விட்டார் ஒருங்கிணைப்பாளர்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளும் நாலைந்து பேரும் மரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரிலேயே நடந்த ஒரு சோதனையைச் சொன்னேன். வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் 2008இல் நடத்தியது. 200 ஜாதகங்கள். பாதி நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுடையது, பாதி மனவளர்ச்சி குன்றியவர்களுடையது. ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது எந்த வகை என்று சொல்லச் சொன்னார்கள். 27 ஜோதிடர்கள் பதில் அனுப்பினார்கள். சரியாக இருந்தது மொத்தத்தில் 46 சதவீதம். காசு சுண்டிப் போட்டிருந்தால் இதைவிடக் கொஞ்சம் கூடவே தேறியிருக்கும்.

"ஒருவர் 40க்கு எத்தனை சரியாகச் சொன்னால் நம்பலாம்?" என்று கேட்டாள் அவள். மேடையில் ஒருவரும் கேட்காத கேள்வி. 28 என்று முன்கூட்டியே கோடு போட்டிருந்தார்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் அதை எட்ட நூற்றுக்கு ஒன்றுகூட வாய்ப்பில்லை. யாரும் எட்டவில்லை, அதிகபட்சம் 24.

அந்தச் சோதனையில் நார்லிகருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் நரேந்திர தாபோல்கர். 2013 ஆகஸ்ட் 20 காலை நடக்கப் போனவரை அதே ஊரில் சுட்டுக் கொன்றார்கள். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு அவள்தான் ஆரம்பித்தாள். கிரகண நேரத்தில் திறந்து வைத்த சோறு ஒரு கிண்ணம், முதல் நாள் அதே நேரத்துக்கு, அதே இடத்தில் வைத்த சோறு ஒரு கிண்ணம். இரண்டிலும் கிருமி எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தடவை போதாது என்றான் பக்கத்திலிருந்த பையன். எத்தனை கிண்ணம் வேண்டும் என்று அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

நுண்ணோக்கி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறது சார், பயோடெக் லேபில். பூட்டியே கிடக்கும். சாவி ஒருங்கிணைப்பாளர் சாரிடம்."