பிள்ளை ஆரைப் போல எண்டு கேக்கிறதை நிப்பாட்டுங்கோ

பிள்ளை பிறந்து ரெண்டு நாள்கூட ஆகியிருக்காது. வார்ட்டில் பார்வையாளர் நேரம் தொடங்கினதும் ஒரு கூட்டம் கட்டிலைச் சுற்றி நிற்கும். தையல் நோவோடு எழும்ப ஏலாமல் கிடக்கிறவளிடம் "எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்பதற்கு முதல், பிள்ளையின் மூக்கை வைத்து விசாரணை ஆரம்பமாகிவிடும். "தகப்பனை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு." "நிறம் மட்டும் தாயின்ரையாக்கும்." "குங்குமப்பூ குடிக்கேல்லையோ பிள்ளை?"

இதைப் பாசம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை.

பிறந்த பிள்ளையின் முகத்தில் நீங்கள் காண்பது பெரும்பாலும் பிறந்த களைப்பைத்தான். வெளியே வரும்போது நெருக்குப்பட்டுத் தலை நீண்டிருக்கும், கண்மடல் வீங்கியிருக்கும், மூக்கு சப்பையாக இருக்கும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் பிறந்த பிறகும் கூடிக்கொண்டு போகும். அதனால் முதல் மாதங்களில் நிறம் மாறத்தான் செய்யும். குங்குமப்பூவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பிறகு ஏன் எப்போதும் "தகப்பனைப் போல"? மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982இல் இதைப் பற்றி எழுதினார்கள். வட அமெரிக்கத் தாய்மார் பிள்ளை பிறந்த கையோடு பேசியதைக் கேட்டுப் பார்த்தால், தகப்பனின் சாயலைத்தான் அவர்கள் அதிகம் சொல்லியிருந்தார்கள். 1995இல் 'நேச்சர்' சஞ்சிகையில், ஒரு வயதுப் பிள்ளைகள் தகப்பனைத்தான் கூட ஒத்திருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. பிறகு அதைத் திருப்பிச் சோதித்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. அப்ப இல்லாத சாயலை ஏன் சொல்கிறார்கள்? தகப்பனுக்கு உறுதி கொடுக்க. பத்து மாதம் சுமந்து பெற்றவள், இது உங்கட பிள்ளைதான் என்று அத்தாட்சியும் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் "இது ரெண்டு பேரையும் போல இல்லையே" என்ற பகிடி வெறும் பகிடி கிடையாது. அது அவளின் நடத்தை மீது எறியும் கல்.

அந்தக் கல் விழும் நேரத்தையும் யோசியுங்கோ. பிரசவம் முடிந்த முதல் நாட்களில் ஹோர்மோன் தலைகீழாக மாறும். தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும். சிலருக்கு அது மனச்சோர்வாக மாறும். "பால் காணாது போல" என்று ஒரு மாமி சொல்லிவிட்டுப் போவார். மனஅழுத்தம் பால் இறங்குவதையே தடுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பொம்பிளைப் பிள்ளை என்றால் "பரவாயில்லை" என்று ஆறுதல் வேறு. அதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்து என்று பாடசாலையில் படித்த நாங்களும் பேசாமல் நிற்கிறோம்.

புருசன்மாருக்கும் ஒண்டு சொல்லவேணும். உங்கட அம்மா பிள்ளையின்ர நிறத்தைப் பற்றிக் கதைக்கேக்க போனைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. வாயைத் திறக்க வேண்டியது நீங்கள்தான், அவள் இல்லை.

பிள்ளை பார்க்கப் போறவை பத்தியச் சாப்பாடு கொண்டு போங்கோ. அவள் ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ள பிள்ளையை வைச்சிருங்கோ. அழுகை ரெண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கோ, இல்லாட்டி 1926க்கு எடுக்கலாம். கட்டாயம் ஏதாவது கேக்கத்தான் வேணும் எண்டால், "நீ சாப்பிட்டியோ?" எண்டு கேளுங்கோ.