பட்ஜெட் கேமரா... பாடியைப் பார்க்காதீங்க, மவுன்ட்டைப் பாருங்க!

போன் கேமரா போதலைனு லென்ஸ் மாத்துற மிரர்லெஸ் கேமரா தேடுறீங்களா? பட்ஜெட் கம்மின்னா செகண்ட் ஹேண்ட்தான் வழி. அதில் முதலில் பார்க்க வேண்டியது, லென்ஸ் மாட்டும் மவுன்ட்.

உதாரணமாக, 2018-ல் வந்த கேனான் எம்50. நல்ல கேமராதான். ஆனால், அதன் இஎஃப்-எம் வரிசையை 2023-ல் கேனான் நிறுத்திவிட்டது. அந்த லென்ஸ்கள் புதிய ஆர் வரிசை கேமராக்களில் பொருந்தாது.

சோனி ஏ6000 இன்னும் பழசு, 2014 மாடல். 24 மெகாபிக்சல். ஆனால், அதன் இ-மவுன்ட்டில் இன்றும் புது கேமராக்கள் வருகின்றன. நாளைக்கு பாடியை மாத்தினாலும் லென்ஸ் கூடவே வரும்.

வீடியோதான் முக்கியம்னா ஏ6000 வேண்டாம். 4கே இல்லை, மைக் ஜாக்கும் இல்லை. ஒண்ணு ரெண்டு லென்ஸே போதும்னா எம்50 ஓகே. கத்துக்கிட்டே வளரணும்னா, உயிரோடு இருக்கிற மவுன்ட்டில் காசைப் போடுங்க!