பச்சைக் கோஷ்டியும் பொன் கோஷ்டியும்

சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், மேஜை மீது கிடந்த பந்தய அட்டவணையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பாஸ்டன் செல்டிக்ஸாம், லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸாம்! கூலி வாங்கிக் கொண்டு பந்து போடுகிறவர்கள்! நாளைக்கு இன்னொரு முதலாளி நாலு காசு அதிகம் கொடுத்தால், அவன் கொடுக்கிற சட்டையை மாட்டிக் கொண்டு ஆடுவார்கள். இவர்களுக்காக ஒரு மனிதன் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. டாலஸ் நகரத்துக் கோஷ்டிக்கு உயிர்நாடியாக இருந்தவர் லூகா டான்சிச். 2025 பிப்ரவரியில் ஒரே இரவில் அவரை லேக்கர்ஸ் கோஷ்டிக்கு மாற்றிவிட்டார்கள். சந்தையில் மாடு மாற்றுகிறவர்கள் கூட இதைவிட அதிக நேரம் யோசிப்பார்கள். ஆயினும், நெருங்கி வரும் இந்தப் பந்தயத்தைப் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் சொல்லுகிறேன், நண்பரும் படிப்பார் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப் பந்துச் சங்கத்தில் மொத்தம் 30 கோஷ்டிகள். பருவத்துக்கு ஒவ்வொரு கோஷ்டியும் 82 பந்தயங்கள் ஆடுகிறது. கிழக்குக் கரையில் உள்ள பாஸ்டனும் மேற்குக் கரையில் உள்ள லாஸ் ஏஞ்சலீஸும் இரண்டு முறைதான் சந்திக்கின்றன. அங்கே ஒன்று, இங்கே ஒன்று. இப்போது வரப்போவது பாஸ்டனில் நடக்கும் பந்தயம். அங்கே இரவுச் சாப்பாட்டு வேளையில் ஆட்டம் தொடங்கும்போது, நமக்கு மறுநாள் காலைக் காபி வேளை.

82-ல் ஒன்றுதானே என்று அலட்சியமாக நினைக்க முடியாது. 2024-ஆம் வருஷத்தில் செல்டிக்ஸ் 18-வது தடவையாகச் சாம்பியன் பட்டம் பெற்றது. லேக்கர்ஸ் தன் 17-வது பட்டத்தை 2020-ல் பெற்றது. இவ்விரண்டும் இறுதிப் போட்டியில் நேருக்கு நேர் மோதியது 12 முறை. அவற்றில் பாஸ்டனுக்கு 9 ஜயம். லேக்கர்ஸுக்கு 1985, 1987, 2010 ஆகிய மூன்றே வருஷங்களில் ஜயம். இப்படிப்பட்ட பங்காளிகள் வருஷத்தில் இரண்டே நாள் சந்தித்தால், அந்த இரண்டு நாளும் திருவிழாவாகத்தானே இருக்கும்?

லேக்கர்ஸ் என்ற பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 'லேக்' என்றால் ஏரி. 1947-ல் இந்தக் கோஷ்டி பிறந்த இடம், பதினாயிரம் ஏரிகள் உள்ளதாகப் பெருமை பேசும் மின்னஸோட்டா மாகாணத்து மினியாபொலிஸ் நகரம். 1960-ல் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தபோது ஏரிகளைக் கொண்டு போக முடியவில்லை. பெயரை மட்டும் கொண்டு போனார்கள். பாஸ்டன்காரர்களின் பெருமை அவர்களுடைய மரத்தளம். யுத்தத்துக்குப் பிறகு நீண்ட பலகை கிடைக்காத 1946-ஆம் வருஷத்தில், துண்டு மரங்களைச் சதுரம் சதுரமாகச் சேர்த்துத் தளம் போட்டார்கள். இன்று எந்த மரமும் வாங்க அவர்களிடம் பணம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சதுரக் கோலத்தை மாத்திரம் விடுவதில்லை.

ஆட்டத்தை இதுவரை பார்த்திராத நேயர்களுக்கு இரண்டொரு விஷயம். பக்கத்துக்கு ஐந்து பேர். 10 அடி உயரத்தில் இரும்பு வளையம். 12 நிமிஷம் வீதம் நான்கு கால் ஆட்டம். இவற்றைவிட முக்கியமானது வளையத்துக்கு மேலே ஓடும் சிறு கடிகாரம். பந்து கையில் கிடைத்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த விதி பிறந்ததற்கு லேக்கர்ஸும் ஒரு காரணம். 1950 நவம்பரில் போர்ட் வேன் என்ற ஊர்க் கோஷ்டி அவர்களுடன் ஆடியது. லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன் என்ற 6 அடி 10 அங்குல உயர மனிதர் இருந்தார். அவர் கையில் பந்து போனால் ஆபத்து என்று, எதிர்க் கோஷ்டியார் பந்தைக் கையில் வைத்துக் கொண்டு சும்மா நின்றார்கள். முடிவு, 19-க்கு 18 என்று போர்ட் வேனுக்கு ஜயம்! பார்க்க வந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1954-ல் இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ஸிரக்யூஸ் கோஷ்டியின் சொந்தக்காரர் டானி பியாஸோன். ஸ்வாரஸ்யமான பந்தயத்தில் இரு பக்கமும் சேர்ந்து சுமார் 120 தடவை எறிகிறார்கள், 48 நிமிஷத்துக்கு 2,880 விநாடி, வகுத்தால் 24. நான்காம் வகுப்புக் கணக்கு ஓர் ஆட்டத்தையே காப்பாற்றியது.

இம்முறை எதைக் கவனிக்க வேண்டும்? செல்டிக்ஸ் தூரத்திலிருந்து எறியும் கோஷ்டி. வளைகோட்டுக்கு அப்பாலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளேயிருந்து போட்டால் இரண்டு. 2024-25 பருவத்தில் அவர்கள் எறிந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கோட்டுக்கு அப்பாலிருந்து எறிந்தவையே. தூர எறி மழையைப் போன்றது. பெய்தால் வெள்ளம், பொய்த்தால் பஞ்சம். முதற் கால் ஆட்டத்தில் நாலைந்து எறிகள் வளையத்தில் பட்டுத் தெறித்தால், லேக்கர்ஸார் பந்தைப் பிடித்துக் கொண்டு எதிர்ப்புறம் ஓடிவிடுவார்கள். ஆகையால் எறிகிறவரை மட்டும் பாராமல், தவறிய பந்தை எந்த நிறச் சட்டை பிடிக்கிறது என்று பாருங்கள். பச்சைக்குப் பந்து திரும்பத் திரும்பக் கிடைத்தால் பாஸ்டன் பிழைக்கும். யாருக்குக் கணுக்காலில் சுளுக்கு, யார் அன்றைக்கு ஆடமாட்டார் என்பவை பந்தயத்தன்று மாலையில் தெரிய வேண்டிய சமாசாரங்கள். அவற்றை இங்கே எழுதினால் அச்சு மை காய்வதற்குள் பொய்யாகிவிடும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கூலிக்கு ஆடுகிறவனுக்கு மானம் உண்டா?

1957-58 பருவத்தில் லேக்கர்ஸ் ஆடிய 72 பந்தயங்களில் 19-ல்தான் ஜயித்தது. கோஷ்டியைக் கலைத்துவிடலாமா என்ற நிலைமை. அப்போது வந்து சேர்ந்தார் எல்ஜின் பெய்லர் என்ற கறுப்பு இன இளைஞர். ஆகாயத்தில் ஒரு கணம் தங்கி நின்று பந்து போடுகிறார் என்று ஜனங்கள் அதிசயித்தார்கள். 1959 ஜனவரி 16-ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியா மாகாணத்துச் சார்லஸ்டன் நகரில் பந்தயம். கோஷ்டி தங்கப்போன ஹோட்டலில், பெய்லருக்கும் மற்ற இரண்டு கறுப்பு வீரர்களுக்கும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோஷ்டி முழுவதும் அந்த ஹோட்டலை விட்டு வெளியேறிக் கறுப்பு இனத்தார் நடத்திய விடுதியில் தங்கியது. பெய்லருடைய மனம் அதோடு ஆறவில்லை. அன்று இரவு அவர் ஆட்ட உடுப்பு அணியாமல், தெருவில் போகும் உடையிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சார்லஸ்டனே சொந்த ஊரான ராட் ஹண்ட்லி என்ற வெள்ளைக்காரத் தோழர், ஊராருக்காக ஆடும்படி கேட்டுப் பார்த்தார். பெய்லர் காரணத்தைச் சொன்னதும், "அப்படியானால் ஆடாதே" என்னும் கருத்துப்படப் பேசித் தாமே விலகிக் கொண்டார். அன்று லேக்கர்ஸ் தோற்றது. பந்தயம் நடத்திய உள்ளூர்க்காரர்கள் பெய்லரைத் தண்டிக்க வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். கோஷ்டியின் சொந்தக்காரர் பாப் ஷார்ட் தம் ஆட்டக்காரர் பக்கமே நின்றார்.

பச்சைக் கோஷ்டியிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1961 அக்டோபரில் செல்டிக்ஸ், கென்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டன் நகருக்கு ஒரு காட்சிப் பந்தயம் ஆடச் சென்றது. ஹோட்டலின் சிற்றுண்டிச் சாலையில் ஸாம் ஜோன்ஸுக்கும் ஸாட்ச் ஸாண்டர்ஸுக்கும் ஆகாரம் பரிமாற மறுத்தார்கள். அவர்கள் பில் ரஸ்ஸலிடம் வந்து சொன்னார்கள். ரஸ்ஸல் அந்தக் காலத்தின் ஈடு இணையற்ற தடுப்பு ஆட்டக்காரர். 13 வருஷத்தில் 11 பட்டம் பெற்றுத் தந்தவர். செல்டிக்ஸின் கறுப்பு வீரர்கள் எல்லோரும் ஆட்டத்தைத் துறந்து ஊர் திரும்பினார்கள். எதிர்க் கோஷ்டியின் கறுப்பு வீரர்களும் ஆடவில்லை.

நம் நாட்டாருக்கு இந்தக் காரியத்தின் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அநீதியோடு ஒத்துழைக்க மறுப்பது என்றால் என்னவென்று நம் தாத்தாமார் தெருவில் நின்று காட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு தேசமே திரண்டு நின்றது. சார்லஸ்டனில் பெய்லருக்குப் பின்னால் இருந்தது ஒரு பெஞ்சு மாத்திரம். ஊதியம் வாங்குகிறவன் ஆட மறுப்பதில்தான் பெருமை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன் ஒரு மாலைப் பொழுதை இழக்கிறான். தொழிலுக்கு ஆடுகிறவன் சோற்றையே பணயம் வைக்கிறான்.

தர்மம் பண்ணியவனுக்கு ஜயம் கைமேல் கிடைத்தது என்று முடித்தால் கதை நன்றாகத்தான் இருக்கும். உண்மை வேறு. அதே 1959 ஏப்ரலில் இரு கோஷ்டிகளும் முதன்முறையாக இறுதிப் போட்டியில் சந்தித்தன. பாஸ்டன் 4-0 என்று ஜயித்தது. பெய்லர் இருந்த காலத்தில் லேக்கர்ஸ் எட்டு முறை இறுதிக்கு வந்து எட்டு முறையும் தோற்றது. ஏழு தடவை பாஸ்டனிடம். 1969-ல் கடைசிப் பந்தயம் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்தபோது, ஜயம் நிச்சயம் என்று எண்ணிய சொந்தக்காரர் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கூரையில் கட்டி வைத்திருந்தார். பாஸ்டனின் டான் நெல்சன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு, மேலே எழும்பி, மனம் மாறியது போல் உள்ளே விழுந்தது. செல்டிக்ஸ் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் கூரையிலேயே தங்கின. 1971 நவம்பரில் முழங்கால் வலியால் பெய்லர் ஓய்வு பெற்றார். அவர் இல்லாமல் ஆடிய அடுத்த பந்தயம் தொடங்கி லேக்கர்ஸ் தொடர்ந்து 33 பந்தயங்களில் ஜயித்து, அந்தப் பருவத்தில் பட்டமும் பெற்றது. விதி சில சமயம் இப்படியும் விளையாடுகிறது.

ஆனால் ஊரார் மறக்கவில்லை. ரஸ்ஸலுக்குப் பாஸ்டனில் 2013-ல் சிலை எழுந்தது. பெய்லருக்கு லாஸ் ஏஞ்சலீஸ் அரங்கத்தின் முன் 2018-ல் எழுந்தது. 2022-ல் ரஸ்ஸல் காலமான பிறகு, அவர் அணிந்த 6-ஆம் எண்ணை இனி எந்தக் கோஷ்டியிலும் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை என்று சங்கம் தீர்மானித்தது.

ஜோசியம் சொல்லாவிட்டால் நேயர்கள் என்னை விடமாட்டீர்கள். தூர எறி பொய்க்காவிட்டால், சொந்தத் தளத்தில் பாஸ்டனுக்கே வாய்ப்பு அதிகம். பொய்த்தால் பொறுப்பு என்னுடையதல்ல. எது எப்படியானாலும், காலையில் குழந்தைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யார் ஜயிப்பார்கள்?" என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் பெஞ்சையும் ஒரு தடவை காட்டுங்கள். ஆடாமல் உட்கார்ந்தே ஒருவர் ஜயித்த கதையையும் சொல்லுங்கள்.

நண்பருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். காபி என் வீட்டில்.