மாறியது நம் நாக்கன்று

கடந்த மாதம் எங்கள் துறையில் ஒரு வாய்மொழித் தேர்வு நிறைவுற்றதும், வழக்கம்போல் ஒரு சாக்லேட் பெட்டி கைமாறிக் கைமாறி வந்தது. பணி ஓய்வை நெருங்கும் பேராசிரியர் ஒருவர் ஒன்றை எடுத்து வாயிலிட்டார். சற்று நேரம் மென்றபின், முன்பெல்லாம் இது இப்படி இராது, மெழுகை மெல்வதுபோல் இருக்கிறது என்றார். அருகிலிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், பெட்டி மாறவில்லை ஐயா, உங்கள் நாக்குத்தான் மாறியிருக்கிறது, இது இளமை நினைவின் ஏக்கம் என்று சொல்லிச் சிரித்தார். அனைவரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூலப்பொருள் பட்டியலில் சர்க்கரையை அடுத்து நின்றது தாவரக் கொழுப்பு. முன்பக்கத்துப் பெயரில் 'சாக்லேட்' என்ற சொல்லே இல்லை, 'சாக்கோ' என்றிருந்தது.

சிரித்தது பிழை என்று அப்போது உறைத்தது. அதற்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் மக்கள் விரும்பி வாங்கிய பெட்டிச் சாக்லேட்டுகளின் தரம் வீழ்ந்திருக்கிறது என்பது வெறும் புலம்பல் அன்று. அதற்கு ஆவணச் சான்று உண்டு. அந்தச் சான்று பெட்டியின்மேல் அச்சிட்ட பெயர்ச்சொற்களிலேயே கிடைக்கிறது. ஆகவே உணவியலாருக்கு உள்ள அளவு பொறுப்பு இவ்விஷயத்தில் மொழியியலாருக்கும் உண்டு.

முதலில் நாக்கின் சாட்சியத்தை எடுத்துக்கொள்வோம். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும். அது நம் உடல் வெப்பத்தைவிடச் சற்றே குறைவு. நல்ல சாக்லேட் கையில் கெட்டியாக நின்று, உடைத்தால் ஓசையோடு ஒடிந்து, வாயில் பட்டதும் இளகுவது அதனால்தான். 'காம்பவுண்ட்' என்று தொழிலில் வழங்கும் மலிவுக் கலவையில் அந்த வெண்ணெயின் இடத்தில் பெரும்பாலும் கெட்டிப்படுத்திய செம்பனை எண்ணெயோ செம்பனை விதை எண்ணெயோ அமர்கிறது. விதை எண்ணெய்க் கொழுப்பு கொக்கோ வெண்ணெயோடு ஒத்துப்போகாது. எனவே வெண்ணெய் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் கொக்கோத் தூளையே அதில் சேர்க்கிறார்கள். அத்தகைய கலவை வெயிலை ஓரளவு தாங்கும். கொக்கோ வெண்ணெயைப் பக்குவமாகக் குளிர்வித்து இறுகச் செய்யும் நுட்பமான வேலையும் மிச்சம். ஆலைக்கும் கடைக்கும் வசதிதான். ஆனால் வெயிலில் இளகாத ஒன்று பல வேளைகளில் வாயிலும் முழுதாக இளகாமல் மேலண்ணத்தில் பூச்சாகத் தங்கிவிடும். பேராசிரியர் 'மெழுகு' என்றதைப் பழைய நினைவின் புலம்பலாகக் கொள்ள வேண்டியதில்லை. அது துல்லியமான விவரணை.

இனிப் பெயர்ச்சொற்களின் சாட்சியம். பெட்டிச் சாக்லேட் என்ற வழக்கத்தைப் பெருந்திரள் மக்களிடம் கொண்டுசேர்த்த நாடுகளுள் பிரிட்டன் முதன்மையானது. மில்க் ட்ரே 1915இலும், பிளாக் மேஜிக் 1933இலும், குவாலிட்டி ஸ்ட்ரீட் 1936இலும், ரோசஸ் 1938இலும் வெளிவந்தன. செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்த ஒரு பரிசை நூற்பாலைத் தொழிலாளியும் தன் துணைக்கு வாங்கித் தரலாம் என்பதே அவற்றின் கவர்ச்சி. பெட்டி என்பது ஒரு வாக்குறுதி. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமலேயே இன்னொருவர் கையில் கொடுக்கிறோம். பெயரை நம்பித்தான் கொடுக்கிறோம்.

அந்தப் பெயர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2007இல் பிளாக் மேஜிக் பெட்டியின் உள்ளடக்கம் மாற்றப்பட்டபோது நெடுநாள் வாடிக்கையாளர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அதே 2007இல் அமெரிக்க உணவுத் தொழில் சங்கங்கள், கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்தாலும் சாக்லேட் என்றே அழைக்க இசைவு வேண்டி அந்நாட்டு அரசிடம் விண்ணப்பித்தன. இசைவு கிட்டவில்லை. அடுத்த ஆண்டே ஹெர்ஷி நிறுவனம் தன் தின்பண்டங்கள் சிலவற்றின் செய்முறையை மாற்றியது. கிஸ்ஸபிள்ஸ் உறையிலிருந்த 'மில்க் சாக்லேட்' என்ற தொடர் 'சாக்லேட் கேண்டி' ஆயிற்று. 2015இல் பிரிட்டனில் கேட்பரி கிரீம் எக்கின் மேலோடு டெய்ரி மில்க் சாக்லேட்டிலிருந்து வேறொரு சாக்லேட்டுக்கு மாறியது. ஆறு இருந்த பொதியில் ஐந்தாயிற்று. 2025இல் பெங்குவின், கிளப் ஆகிய பிரிட்டானிய பிஸ்கட்டுகளின் மேற்பூச்சில் கொக்கோவைவிடச் செம்பனை, ஷியா எண்ணெய்களே மிகுதியானதால், அவை 'சாக்லேட் சுவையுள்ளவை' என்று மட்டுமே தம்மை அழைத்துக்கொள்ளும் நிலை வந்தது. பெயர்ச்சொல் பெயரடையாகத் தேய்ந்திருக்கிறது. மொழியியல் முதலாண்டு மாணவரும் இவ்வரிசையைப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களுள் வலுவானது விலை. கொக்கோவின் விலை 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் டன்னுக்கு 12,000 டாலரைக் கடந்தது மெய். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் மரங்கள் மூப்படைந்தன, நோய் தாக்கியது, மழை பிழைத்தது. ஆனால் மேலே தந்த ஆண்டுகளை மீண்டும் நோக்குங்கள். 2007, 2008, 2015 ஆகியவை அந்த உச்சத்துக்குப் பல ஆண்டுகள் முந்தியவை. டன் 12,000 டாலர் விற்றபோது சொல்லத்தக்க காரணத்தை, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விற்ற காலத்துக்கும் நீட்ட முடியாது. மேலும், மரங்கள் மூப்படைந்ததற்கே ஒரு காரணம், அவற்றை மாற்றி நடும் அளவுக்கு விவசாயிக்கு நெடுங்காலமாக வருவாய் கிட்டாததுதான். விவசாயிக்குக் குறைவாகக் கொடுத்து, அதனால் விளைச்சல் குன்றியதும் வாங்குபவருக்கும் குறைவாகக் கொடுப்பதைச் சந்தையின் கட்டாயம் என்று நான் ஏற்கமாட்டேன்.

அளவு குறைந்தால் மக்கள் கண்டுகொள்கிறார்கள். 2016இல் டாப்ளரோன் பட்டையின் முக்கோணங்களுக்கிடையே இடைவெளியை அகலமாக்கி எடையைக் குறைத்தபோது பிரிட்டன் முழுதும் நகைத்தது. 2018இல் பழைய வடிவம் திரும்புவதாக அறிவிக்கப்பட்டது. செய்முறை மாற்றத்தைக் கண்ணால் காண இயலாது. நாக்கு கண்டுபிடித்தாலும், அதை ஏக்கம் என்று சொல்லி வாயடைக்கிறோம்.

அடுத்த சமாதானம்: எல்லாம் பெட்டியின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கிறதே, படித்து வாங்க வேண்டியதுதானே? இந்த வாதம் ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை சென்றது. பிறநாட்டுத் தாவரக் கொழுப்புக் கலந்த சாக்லேட்டை 'சாக்லேட் மாற்று' என்ற பெயரில்தான் விற்க வேண்டும் என ஸ்பெயினும் இத்தாலியும் வற்புறுத்தின. 2003 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், அது சரக்குகளின் தடையற்ற நடமாட்டத்துக்கு இடையூறு என்றும், உறையில் குறிப்பிடுவதே போதும் என்றும் தீர்ப்பளித்தது. அங்கே அனுமதி 5 சதவீதம் வரைதான். அதுவும் குறிப்பிட்ட ஆறு கொழுப்புகளுக்கு மட்டுமே. கொக்கோ வெண்ணெயோடு வேறு தாவரக் கொழுப்பும் உண்டு என்று தடித்த எழுத்தில் சொல்லவும் வேண்டும். அந்த ஆறில் சால், கோகம், மாங்கொட்டைப் பருப்பு ஆகிய மூன்றும் நம் நிலத்துக்கு நன்கு அறிமுகமானவை. சால் விதையை மத்திய இந்தியக் காடுகளில் பழங்குடி மக்கள் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். ஆகவே என் சினம் தாவரக் கொழுப்பின் மீதன்று. அதற்குரிய பெயரை மறைத்து விற்பதன் மீதுதான்.

நம் நாட்டு விதிகளும் சாக்லேட்டில் 5 சதவீதம் வரை வேறு தாவரக் கொழுப்பை அனுமதிக்கின்றன. ஆனால் உறையில் கட்டாயமாகத் தர வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரியில் எழுதிய இந்தியிலோ தந்தால் போதும். பிற மொழிகள் விற்பவரின் விருப்பம். படித்து வாங்க வேண்டியதுதானே என்று கேட்பவர், திருவாரூரிலோ குல்பர்காவிலோ மிட்னாப்பூரிலோ மருமகள் வீட்டுத் தீபாவளிச் சீருக்குப் பெட்டி வாங்கும் ஒரு தாயைப் பற்றி எண்ணிப் பார்த்ததுண்டா? விளம்பரம் அவருடைய மொழியில் வருகிறது. கொழுப்பின் பெயர் மட்டும் வேற்று மொழியில், பொடி எழுத்தில் வருகிறது.

கடைசிச் சமாதானம் நம் கூட்டத்தாருடையது; எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுவே. சொற்பொருள் மாறுவது இயல்பு, மாற்றத்தைப் பதிவு செய்வதே மொழியியலாரின் பணி, தீர்ப்புச் சொல்வது அன்று என்கிறோம். தமிழ்ப் பேச்சிலேயே கடைத்தெரு மிட்டாய் எதுவாயினும் 'சாக்லேட்' என்பதுதானே, அப்படியிருக்க நிறுவனங்களை மட்டும் ஏன் குறை கூற வேண்டும் என்றும் கேட்கப்படுகிறது.

எண்ணெய் என்ற சொல்லைக் கொண்டே விடை சொல்கிறேன். எள்ளின் நெய் எண்ணெய். பின்னர் அச்சொல் தேங்காய்க்கும் கடலைக்கும் விரிந்து, மண்ணெண்ணெய் வரை சென்றது. பேசுவோர் அனைவரும் அறிந்தே, பயன் கருதியே, நெடுங்காலத்தில் நிகழ்த்திய விரிவு அது. வேறுபாடு மறைந்துவிடக் கூடாது என்று எள்ளெண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்று தனிப்பெயரும் வகுத்துக்கொண்டது நம் மொழி. குழந்தை புளிப்பு மிட்டாயைச் சாக்லேட் என்று கேட்கும்போது கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே பொருளைத்தான் கருதுகிறார்கள். அங்கே ஏமாற்றம் இல்லை. விற்பவர் ஒரு பொருளையும் வாங்குபவர் வேறொரு பொருளையும் கருதி, அந்த இடைவெளியில் ஒருவருக்கு மட்டும் இலாபம் விளையும்போது அதைச் சொற்பொருள் மாற்றம் என்று வகைப்படுத்துவது கல்வியின் பெயரால் செய்யும் உதவி; செய்யப்படுவது யாருக்கு என்பதுதான் கேள்வி.

இந்நாடு இதை முன்பே உணர்ந்திருக்கிறது. வனஸ்பதி பரவிய காலத்தில் அதை நெய்யில் கலந்து விற்கும் மோசடி பெருகியது. அதைத் தடுக்க, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டும் என்று விதி வகுத்தார்கள். நல்லெண்ணெய் கலந்திருந்தால் பவுடோயின் சோதனையில் செந்நிறம் தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். நெய் என்ற ஒரு சொல்லின் மானத்தைக் காக்க வேதியியலையே துணைக்கு அழைத்த நாடு இது. பாற்கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பால் செய்ததை ஐஸ்கிரீம் என்று விற்கக் கூடாது, 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றே குறிக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. சாக்லேட்டுக்கு இதே நேர்மையைக் கேட்பது பேராசை ஆகாது.

ஆகவே மூன்றைக் கோருகிறேன். கொக்கோ வெண்ணெயின் இடத்தில் பிற கொழுப்பு நிற்கும் பண்டத்தின் பெயர், முன்பக்கத்திலேயே, நிறுவனப் பெயருக்கு இணையான எழுத்தில், 'தாவரக் கொழுப்பில் செய்த கொக்கோ இனிப்பு' என்பதுபோல் தெளிவாக இருக்க வேண்டும். 'சாக்கோ' போன்ற அரைச்சொற்கள் கூடா. பெயரும் மூலப்பொருள் பட்டியலும் விற்பனையாகும் மாநிலத்தின் மொழியிலும் கட்டாயமாக அச்சிடப்பட வேண்டும். செய்முறை மாறினால், மாறிய நாளிலிருந்து ஓராண்டுக்கு அச்செய்தி உறையில் இடம்பெற வேண்டும்.

துறை நண்பர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு தீபாவளிக்கு உங்கள் துறைக்கு வரும் பெட்டிகளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நாளிட்டுப் படமெடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டும் எடுங்கள். ஐந்தாண்டில் அது ஒரு சொற்றொகுதியாகும். விதி வகுப்போர்முன் வைக்கத்தக்க சான்றும் ஆகும். நாக்கின் நினைவை நகைத்துத் தள்ளலாம். நாளிட்ட படத்தை அவ்வாறு தள்ள இயலாது.

பேராசிரியரிடம் மறுநாளே சென்று பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெட்டியைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் படித்தார். இந்த எழுத்தை எந்த வயதில் படிக்க முடியும் என்று எண்ணி அச்சிட்டார்கள் என்று மட்டும் கேட்டார்.