பள்ளியில் தச்சுப் பாடம்: நல்லதுதானே, தமிழ்நாடு ஏன் யோசிக்குது?

"கைத்தொழில் ஒன்னு தெரிஞ்சா பிள்ளை பிழைச்சுக்கும்" என்கிறது ஒரு தரப்பு. "அப்போ படிப்பு யாருக்கு, உளி யாருக்கு?" என்று கேட்கிறது இன்னொரு தரப்பு. பள்ளியில் தச்சு வேலை கற்றுத் தரலாமா என்ற பேச்சு வந்தாலே தமிழ்நாட்டில் இந்த இரண்டு குரல்களும் சேர்ந்தே கேட்கும். என்ன காரணம்?

கொள்கை என்ன சொல்கிறது?

தேசிய கல்விக் கொள்கை 2020-ன்படி, 6 முதல் 8-ம் வகுப்புக்குள் மாணவர்கள் 10 நாட்கள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பயிற்சி பெற வேண்டும். 9-ம் வகுப்புக்கு மேலும் தொழிற்கல்வி உண்டு. இது தவிர, 8-ம் வகுப்பு முடித்தவர்கள் ஐடிஐ-யில் ஓராண்டு தச்சர் பயிற்சியில் சேர ஏற்கெனவே வழி இருக்கு.

தச்சு கற்றால் என்ன லாபம்?

நாற்காலியின் காலில் துளை, குறுக்குச் சட்டத்தில் கழுந்து. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தணும். கொஞ்சம் அளவு பிசகினாலும் நாற்காலி ஆடும். சட்டத்தின் மூலையிலிருந்து ஒரு பக்கம் 30 செ.மீ., மறுபக்கம் 40 செ.மீ. குறித்து, இரு புள்ளிகளுக்கும் இடையே 50 செ.மீ. வந்தால் அந்த மூலை சரியாக 90 டிகிரி. கரும்பலகையில் புரியாத பிதாகரஸ் தேற்றம், கையில் மரம் இருந்தால் சட்டென்று புரியும்.

பிறகு ஏன் பயம்?

1953-ல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். தச்சர் மகன் தச்சராகவே இருக்கணுமா என்ற கேள்வி வெடித்தது. 'குலக்கல்வி' என்று பெரியாரும் திமுகவும் கடுமையாக எதிர்த்தனர். 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த நினைவு இன்னும் மறையல. 2023-ல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் தச்சு உட்பட 18 தொழில்கள். குறைந்தபட்ச வயது 18. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கி, வயதை 35 ஆக்கச் சொல்லி 2024 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். 18 வயது என்பது கல்லூரியில் சேரும் வயது என்பதே இங்கு கவலை.

ஃபின்லாந்து எப்படிச் செய்தது?

அங்கு 1866 முதலே கைவேலை பள்ளிப் பாடம். யார் பிள்ளை என்ற பேச்சே இல்லை, எல்லாரும் படிக்கணும். இன்று மரவேலை, தையல் இரண்டையும் ஆண், பெண் வித்தியாசமின்றி சேர்ந்தே கற்கிறார்கள்.

எதைக் கவனிக்கணும்?

* தச்சு வகுப்பு எல்லா மாணவர்களுக்குமா, 'சுமாராகப் படிக்கிற' பிள்ளைகளுக்கு மட்டுமா?
* கணக்கு, அறிவியலோடு சேர்த்தா, அவற்றுக்குப் பதிலாகவா?
* தொழிற்கல்வி படித்தாலும் கல்லூரிக் கதவு திறந்திருக்குமா? (தமிழ்நாட்டில் பிளஸ் 2 தொழிற்கல்வி மாணவர்களுக்கு பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கு.)

மருத்துவர் மகளும் தச்சர் மகனும் ஒரே மேசையில் நின்று மரம் இழைத்தால் அது பாடம். தச்சர் மகனை மட்டும் அங்கே அனுப்பினால், அது 1953-ல் எழுந்த அதே கேள்விதான்.